ஈசானிய மூலை

அஞ்சுகம் சித்தியின் கையை அந்தப் பெட்டி மூன்றாவது தடவையும் சிவப்பு என்றது.

செறுவூர் ஊராட்சி அலுவலக வராந்தாவில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பெட்டியை அதன் மேல் உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் கையை உள்ளே விட வேண்டும். உள்ளே ஒரு பஞ்சு, உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் தடவிப் பார்க்கும். சற்று நேரம் கழித்து விளக்கு எரியும். பச்சை எரிந்தால் பச்சை அட்டை. அந்த அட்டை இருக்கிறவர் காவல் நெல் வயலில் இறங்கலாம், பயிரைத் தொடலாம். சிவப்பு எரிந்தால் வரப்பில்கூட ஏறக்கூடாது.

சித்தி வேப்பிலை போட்ட வெந்நீரில் கை கழுவிவிட்டுத்தான் வந்திருந்தாள். முதல் சிவப்புக்குப் பிறகு குழாயடியில் சோப்புப் போட்டாள். இரண்டாவதுக்குப் பிறகு புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்ததில் விரலிடுக்கில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அந்தக் கையைத்தான் மூன்றாவது தடவை உள்ளே விட்டாள். பெட்டியை இயக்கியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அடுத்த ஆளு" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், காவல் நெல் விதையை விற்கிற கம்பெனியின் வெள்ளைக் கோட்டுடன். கம்பெனியில் நான் டாக்டர் ஜென்னி, பயிர்நோய் ஆராய்ச்சியாளர். என் பெயரைக் கேட்டதும் எந்தச் சர்ச் என்று கேட்பார்கள். எந்தச் சர்ச்சும் இல்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் தொழிற்சங்கக்காரராக இருந்த என் அப்பா, மார்க்சின் மனைவி பெயரை எனக்கு வைத்தார். அம்மா செறுவூர் காலனித் தெரு. அஞ்சுகம், அம்மாவின் தங்கை. இந்தக் கதையின் பின்பாதியைக் கம்பெனியில் யாருக்கும் நான் சொன்னதில்லை. நான் இந்த ஊர் ஆராய்ச்சிப் பண்ணைக்கு மாற்றலாகி வந்தபோது சித்தியே தெருவில் சொல்லி வைத்துவிட்டாள்: "பாப்பா வேலைக்கு வந்துருக்கு. யாரும் அதுகிட்ட சொந்தம் கொண்டாடாதீங்க."

அதனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. சித்தியும் என்னைப் பார்க்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி படியிறங்கிப் போனாள். காலனித் தெருவுக்கு வரிசையாகச் சிவப்பு எரிந்தது. மேலத்தெருவுக்கு வரிசையாகப் பச்சை. மேலத்தெருவில் மாடு கறக்கும் கண்ணம்மாவுக்கு மட்டும் முதலில் சிவப்பு வந்தது. உடனே பெட்டியில் ஏதோ கோளாறு என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரமும் அவர் தொழுவத்துப் பக்கம் போகவில்லை. அடுத்த தடவை பச்சை வந்தது. சித்தி விஷயத்தில் பெட்டிக்குக் கோளாறு இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நெல்லுக்குக் கண்ணு இருக்கா, மூக்கு இருக்கா? என் கைய அதுக்கு எப்புடிடி அடையாளம் தெரியுது?"

"கண்ணு இல்ல சித்தி. ஆனா தெரியும். நமக்கு ஒடம்புல ஒரு கிருமி பூந்தா ரத்தம் ஓடிப்போய் அடிக்கும். செடிக்கு ரத்தம் கெடையாது. அதனால ஒவ்வொரு செல்லும் தன் வாசல்ல தானே காவல் இருக்கணும். செல்லோட தோல்மேல சின்னச் சின்னக் கொக்கி மாதிரி இருக்கும். பாக்டீரியாவோட வாலுலயோ ஒடம்புலயோ ஒரு துண்டு அந்தக் கொக்கில வந்து மாட்டுச்சுன்னா, திருடன் வந்துட்டான்னு செல்லுக்குத் தெரிஞ்சுபோயிரும்."

"தெரிஞ்சா என்னா பண்ணும்?"

"கதவச் சாத்தும், மருந்து சுரக்கும். அதுக்கும் அடங்கலன்னா, கிருமி பூந்த செல்லும் அதச் சுத்தி இருக்குற செல்லும் தன்னத்தானே கொன்னுக்கும். கிருமி சோறு தண்ணி இல்லாம அந்த எடத்துலயே செத்துப்போவும். எலையில ஒரு பொட்டு கருகும், மீதிச் செடி பொழைச்சுக்கும்."

சித்தி எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். "நல்ல புள்ளதான். அப்பறம் எதுக்கு ஒங்க கம்பெனி அதுல கைய வச்சுச்சு?"

வைத்ததற்குக் காரணம் இருந்தது. பாக்டீரியா இலைக்கருகல் டெல்டாவையே காயப்போட்ட வருஷங்கள் உண்டு. அந்தப் பாக்டீரியா வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கும். கொக்கிக்கு மாட்டாத வால் ஒன்றை முளைத்துக்கொண்டு மறுபடியும் வரும். அதனால் கம்பெனி எந்த வேஷத்தையும் பிடிக்கிற அகலமான கொக்கிகளை வடிவமைத்து நெல்லில் பொருத்தியது. அதுதான் காவல் நெல். அகலமான கொக்கி நல்ல பாக்டீரியாவையும் பிடிக்கும் என்பதால், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறவற்றையெல்லாம் இவை நம் ஆள்கள் என்று விதைக்குப் பழக்கிவிட்டார்கள். மனிதத் தோலில் இருக்கிற பாக்டீரியாக்களைப் பழக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் கம்பெனி ஆய்வகத்தில் கையுறை போடாமல் யாரும் செடியைத் தொட்டதே கிடையாது. நெல் என்றால் யாரோ ஒருத்தி வெறுங்கையால் தொடுகிற பயிர் என்பது அத்தனை பெரிய படிப்பு படித்தவர்களின் மண்டையில் ஏறவில்லை.

முதல் வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்தது. நாற்றுக்கு வயது கூடிவிட்டது. சித்தி கூட்டிப்போன நடவு ஆட்கள் எப்போதும் செய்கிறபடி நுனியைக் கிள்ளிவிட்டு நட்டார்கள். கிள்ளின காயத்திலும் வேர் அறுந்த இடத்திலும் கையில் இருந்த பாக்டீரியா புகுந்தது. அகலக் கொக்கி பிடித்தது. ஒரு பொட்டோடு நிற்க வேண்டிய கருகல் செடி முழுக்கப் பரவி, வயல் மொத்தமும் தன்னைத்தானே கொன்றுகொண்டது. சோதனைக்காக எந்திரம் நட்ட வயல் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

கம்பெனி முதலில் கிள்ளினதைக் குற்றம் சொன்னது. அப்புறம் கையைக் குற்றம் சொன்னது. அடுத்த வருஷம் ஊர் முழுக்க எந்திர நடவு. ஆனால் எந்திரம் விட்டுப்போகிற இடங்களில் நட எப்படியும் கை வேண்டும். எந்தக் கை நல்ல கை என்று தெரிந்துகொள்ள இந்த வருஷம் பெட்டி வந்துவிட்டது.

"நடவு போனாப் போவுது," என்றாள் சித்தி. "எனக்குச் சத்துணவு வேல இருக்கு. இஸ்கூல் அடுப்பு என் கையப் பாத்து அணையாது."

அவள் அதைச் சொன்ன வாரத்திலேயே அதுவும் போனது. மேலத்தெருவிலிருந்து சிலர் பள்ளிக்கூடத்துக்குப் போய், நெல்லுக்கே ஆகாத கை பிள்ளைகளுக்கு ஆகுமா என்று கேட்டார்கள். தலைமை ஆசிரியை சித்தியைக் கூப்பிட்டு, காந்தி ஜெயந்தி கிராம சபை முடிகிற வரைக்கும் வீட்டில் இருக்கச் சொன்னார். சபையில் ஒரு தீர்மானம் வரப்போகிறது: சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி மூன்றிலும் இனிப் பச்சை அட்டைக்காரர்கள் மட்டுமே வேலை பார்க்கலாம். சாதி என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்க வேண்டிய அவசியத்தைப் பெட்டி தீர்த்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் டாக்டர் தேவநாதன் அறைக்குப் போனேன். அவர்தான் பண்ணையின் தலைவர், பெட்டியை உருவாக்கியவரும் அவரே. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர்.

"சார், இந்தப் பெட்டி எதை வச்சுப் பச்சை சிவப்பு சொல்லுது?"

"சுத்தமான கை எப்படி இருக்கும்னு ஒரு அளவு வேணும் இல்லையா ஜென்னி? நம்ம ஆபீஸ்ல இருந்தவங்க கையில எல்லாம் மாதிரி எடுத்தோம். முதல் மாதிரி என்னோடதுதான். அந்தக் கைகளோட எந்தக் கை ஒத்துப்போகுதோ அது பச்சை."

"ஆபீஸ் கை நட்டா நெல்லு பொழைக்குதான்னு பாத்தீங்களா?"

அவர் சிரித்தார். "ஆபீஸ்ல இருக்கறவங்க எங்க நடறது?"

பெட்டி எதை அளக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சேற்றிலும் சாணியிலும் வேலை செய்த கைக்கும் செய்யாத கைக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறது. நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று யாரும் நெல்லைக் கேட்கவில்லை. ஆனால் புரிந்தால் போதாது, காட்ட வேண்டும்.

நடவு தொடங்கிய நாள் மிராசுதார் ஜம்புலிங்கத்தின் வயலுக்கு எங்களை எல்லாம் அழைத்திருந்தார்கள். எழுபதை நெருங்குகிறவர். குளித்துத் திருநீறு பூசி, வயலின் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கு மூலையில், சூடம் ஏற்றிக் கும்பிட்டார். எந்திரத் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி நாற்றைத் தானே பிய்த்து எடுத்துக் குனிந்து நட்டார். வயல் யாருடையதோ அவர் கைதான் முதலில் ஈசானிய மூலையில் பட வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். மேலத்தெருவில் ஒருவரும் அதை விட்டதில்லை. அப்புறம்தான் எந்திரம் இறங்கியது. எந்திரம் விட்டுப்போன இடங்களில் நடப் பச்சை அட்டைக்காரர்கள் ஒருவரும் சேற்றில் இறங்கவில்லை, அவை அப்படியே கிடந்தன. கம்பெனி அதைப் படமெல்லாம் எடுத்தது, படத்தில் அவர் சட்டைப்பையில் பச்சை அட்டை தெரிகிற மாதிரி.

பயிர் ஓரளவு வளர்ந்த பிறகு இலை எடுக்க அதே வயலுக்குப் போனேன். வயலை மேலிருந்து ட்ரோன் தினமும் படம் எடுக்கும். ஆனால் எந்திரம் திரும்புகிற ஓரங்களையும் மூலைகளையும் கணக்கில் சேர்க்காது. அங்கே நடவு எப்போதும் கோணல்மாணலாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். நான் ஈசானிய மூலை வரப்பில் நின்றபோது அங்கே ஒரு பாய் அளவு இடத்தில் பயிர் சற்று வெளிறித் தெரிந்தது. நோய் இல்லை. நன்றாகவே இருந்தது. ஆனால் அதன் பச்சை வேறு பச்சை.

ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டுபோய் ஆய்வகத்தில் பாக்டீரியாவின் வால் துண்டைத் தடவினேன். காவல் நெல்லாக இருந்தால் அந்த இடம் கருகியிருக்க வேண்டும். இந்த இலை சும்மா இருந்தது. இது காவல் நெல்லே இல்லை. கடையில் யார் கேட்டாலும் கிடைக்கிற சாதாரண ஆடுதுறை நெல்.

மறுநாள் மேலத்தெருக்காரர்கள் வயல்கள் ஒவ்வொன்றுக்கும் போனேன். எல்லா வயலிலும் நேராக ஈசானிய மூலைக்குப் போய் இலை கிள்ளினேன். கடைசி வயலுக்கு வரும்போது இலையை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிற அவசியமே இருக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது. அதன் பிறகுதான் ஜம்புலிங்கம் வீட்டுக்குப் போனேன்.

அவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். காபி வந்தது. "மூலையில இருக்குற பயிரு காவல் நெல்லு இல்லைங்களே அய்யா" என்று நான் சொன்னதும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கைகள் இரண்டும் தோள் துண்டுக்கு அடியில் இருந்தன.

"நீங்க வெளியூரு. படிச்ச புள்ள. ஒங்ககிட்டச் சொல்லலாம்." குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா கை பட்டா மண்ணு பொன்னா வெளையும்பாங்க. என் கை ஆகாத கை ஆயிப்போச்சும்மா. போன வருஷம் நான் நட்டது மட்டும் ஒரு வாரத்துல பழுத்துச் செத்துச்சு. எந்திரம் நட்டது ஜம்முன்னு நிக்கிது. இந்த வருஷம் பச்சை அட்டை வந்ததும் தெம்பா நட்டேன். மறுபடியும் அதே கதை."

"அப்பறம்?"

"விடியறதுக்கு முன்னாடி போயி செத்ததப் புடுங்கிப் போட்டுட்டு, சாதா நாத்து வாங்கி நட்டேன். யாரையும் கூப்புட முடியுமா? இந்த வயசுல நானே குனிஞ்சு நட்டேன். சாதா நெல்லு என் கைய ஒண்ணும் சொல்லல." துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். "ஏம்மா, கைக்கு மருந்து எதாச்சும் இருக்கா?"

"மத்தவங்க வயல்ல எப்படி?"

"அவங்களுக்கெல்லாம் என்ன, நல்லாத்தான் இருக்கு. நானும் தெனமும் பாக்குறேனே, எல்லா மூலையிலயும் பயிரு நிக்கிது. எனக்கு மட்டும்தான் இப்புடி. என்ன பாவம் செஞ்சனோ."

எல்லா மூலையிலும் பயிர் நின்றது. ஊரில் அத்தனை பெரிய மனிதர்களும் விடிவதற்கு முன் ஆளுக்கொரு வரப்பில் திருடனைப் போல நடந்துபோய், தன் கை கொன்றதைப் பிடுங்கி எறிந்து, வேறு நெல்லை நட்டுவிட்டு, விடிந்ததும் பச்சை அட்டையைப் பையில் செருகிக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தன் கை மட்டும்தான் கெட்ட கை. இரண்டு பேர் டீக்கடையில் மனம்விட்டு ஒரு வார்த்தை பேசியிருந்தால் பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும். பேசவில்லை. பேசினால் கௌரவம் போய்விடும். அந்தக் கௌரவத்துக்காக என் சித்தியின் அடுப்பை அணைத்தார்கள்.

"கிராம சபையில வர்ற தீர்மானத்துக்கு நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அது ஊர் விஷயமாச்சே. ஊரோடதான் நிப்பேன். இது என் சொந்த விஷயம். தயவுபண்ணி யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

அந்த வயதான மனிதர் மேல் எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பண்ணைக்கு வந்ததும் இரண்டு தொட்டிகளில் காவல் நாற்றை எடுத்துவைத்து, தேவநாதனைக் கூப்பிட்டேன். ஒரு தொட்டியில் நான் கையுறையோடு நட்டேன். இன்னொன்றில், சார் வெறுங்கையால நட்டுக் காட்டுங்க என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நட்டார். சேறு ஒட்டிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு வாரத்தில் அவர் தொட்டி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதை அவர் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். மூலைகளைப் பற்றியும் சொன்னேன். அவர் தொட்டியைச் சுற்றித் திருப்பிப் பார்த்தார். புத்திசாலி. நான் விளக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

"எல்லாக் கையும் கொல்லும்னு சொல்றீங்க."

"நான் சொல்லல சார். நெல்லு சொல்லுது."

"உட்காருங்க ஜென்னி. இதைக் கொஞ்சம் நிதானமா யோசிங்க. எல்லாக் கையும் கொல்லும்னா விதையில குத்தம். சில கைதான் கொல்லும்னா கையில குத்தம். விதையில குத்தம்னா பத்து வருஷ உழைப்பு போச்சு, இலைக்கருகல் மறுபடி வரும், டெல்டா மறுபடி காயும். அடுத்த விதையில மனுஷத் தோலையும் பழக்கிடுவோம். ரெண்டு மூணு வருஷம் பொறுத்தா எல்லாம் சரியாயிடும்."

"அந்த ரெண்டு மூணு வருஷம் யார் பொறுக்கறது சார்?"

"கொஞ்சம் பேருக்குக் கஷ்டம்தான். இல்லைங்கல. அதுக்கு வேற ஏதாவது உதவி செய்யலாம்." பிறகு, நிஜமாகவே புரியாதவர்போல் கேட்டார்: "உங்களுக்கு இந்த ஊர்ல யாரும் இல்லையே. எதுக்கு இவ்வளவு கோபப்படறீங்க?"

"சத்துணவு அஞ்சுகம் என் சித்தி சார். எங்கம்மா காலனித் தெரு."

அவர் கண் ஒரு கணம் மேசை ஓரத்தில் இருந்த டிபன் டப்பாவுக்குப் போய்விட்டுத் திரும்பியது. முந்தின நாள் அதில்தான் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்திருந்தேன். விரலைச் சூப்பிச் சாப்பிட்டவர். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு, கோட்டைக் கழற்றி அந்த நாற்காலியிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

காந்தி ஜெயந்தி அன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுச் சபை கூடியது. மேலத்தெரு நாற்காலியில், காலனித் தெரு தரையில் விரித்த ஜமுக்காளத்தில். ஊராட்சித் தலைவர் தீர்மானத்தைப் படித்தார். பொதுச் சுகாதாரம், பிள்ளைகளின் நலன், விஞ்ஞான முறைப்படி என்று நல்ல நல்ல வார்த்தைகளாகப் போட்டிருந்தார்கள். யாராவது பேச விரும்புகிறீர்களா என்று அவர் கேட்டது வழக்கத்துக்காகத்தான்.

நான் ஜமுக்காளத்திலிருந்து எழுந்தேன். நாற்காலிகளில் தலைகள் திரும்பின. கம்பெனி டாக்டரம்மா அங்கே எதற்கு உட்கார்ந்திருந்தாள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

"நான் அஞ்சுகத்தோட அக்கா மகள்," என்றேன். "அதுக்காகப் பேச வரல. படிச்ச படிப்புக்காகப் பேச வந்தேன். காவல் நெல்லு பாக்டீரியாவைப் பிடிக்கும். பாக்டீரியா இல்லாத கை உலகத்துல கெடையாது. அதனால வெறுங்கை எது பட்டாலும் அது செத்துப்போவும். என் கை பட்டாலும் சாவும், டாக்டர் தேவநாதன் கை பட்டும் செத்துச்சு."

"அப்ப பச்சை அட்டை எதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் எரிச்சலாகக் கேட்டார். "நாங்களும்தானே மொத நாத்து நட்டோம்? எங்களுது சாவலியே?"

"சாவலீங்களா? வயல் பக்கத்துலதான் இருக்கு. இப்பவே எல்லாரும் நடந்து போவோம். பச்சை அட்டை வச்சிருக்கவங்க வயல் ஒவ்வொண்ணுலயும் ஈசானிய மூலையில என்ன நெல்லு நிக்கிதுன்னு காட்டுறேன். அது காவல் நெல்லு இல்ல. ஒரு வயல்லயும் இல்ல. நட்டது செத்துப்போயி, விடியறதுக்குள்ள யாரோ மாத்தி நட்டுருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரிய வேணாம். நட்டவங்களுக்குத் தெரியும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. கேள்வி கேட்டவர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். அவர் அதற்கு அடுத்தவரைப் பார்த்தார். உன்னோடதுமா என்று ஒருவர் முகம் இன்னொருவர் முகத்தைக் கேட்டுக்கொண்டே வரிசை முழுக்கப் போனது. ஜம்புலிங்கம் யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார், நான் அவரைக் கத்தியால் குத்திவிட்ட மாதிரி.

தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்து மிச்சத்தையும் படித்து முடித்தார். "தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

நாற்காலிகளில் ஒரு கையும் எழவில்லை. துண்டுக்கடியிலும் அக்குளிலும் சட்டைப்பையிலும் கைகள் போய் ஒளிந்துகொண்டன. தலைவர் இரண்டாவது தடவையும் கேட்டார். அப்புறம் தீர்மானம் கைவிடப்பட்டது என்று சொல்லிவிட்டு, தெருவிளக்கு விஷயத்துக்குப் போய்விட்டார்.

வீடு திரும்பும்போது நான் ஜெயித்த நடையில் நடந்திருக்க வேண்டும். சித்தி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகத்தில் சந்தோஷம் துளியும் இல்லை.

"என்னாடி சிரிப்பு? அஞ்சுகம் கை நல்ல கைதான்னு ஒருத்தன் சொன்னானா? எந்திரிச்சு நின்னு, தப்பு பண்ணிட்டோம்னு ஒருத்தன் சொன்னானா? அவன் அவன் கைய ஒளிச்சுக்கிட்டான். அவ்வளவுதான்."

"வேல திரும்பக் கெடைக்கும் சித்தி."

"வேல கெடைக்கும்டி. நான் அந்தப் பெட்டிக்காக என் கையத் தேச்சேனே, அத யாரு திருப்பித் தருவா?" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துபோய்விட்டாள்.

வேலை கிடைத்தது. எனக்குப் போனது, அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அடுத்த சம்பாவுக்கு மேலத்தெருவில் பாதிப்பேர் காவல் நெல்லை விட்டுவிட்டார்கள். மீதிப்பேர் முதல் நாற்றைக் கையுறை போட்டுக்கொண்டு நட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பெட்டி ஊராட்சி அலுவலகத்தின் பழைய சாமான் அறையில் கிடக்கிறது.

அந்தச் சமயத்தில் சித்தியைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளோடு பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. ஜம்புலிங்கம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அஞ்சுகம், நடவுக்கு ஆள் வேணும். சாதா நெல்லுதான் இந்த வருஷம். உன் ஆளுங்களக் கூட்டிக்கிட்டு நாளைக்கு வந்துரு."

பழைய காலம் திரும்பிவிட்டது என்ற நினைப்பு அவர் குரலில் இருந்தது. நடுவில் ஒன்றுமே நடக்காதது போல.

சித்தி கரண்டியை அடுப்பு மேட்டில் வைத்தாள். முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"கையக் காட்டுங்க," என்றாள்.

"என்னது?"

"கைய நீட்டுங்க. பாக்கணும்ல."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். மேலத்தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். கைகளைத் துண்டுக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே எடுத்து நீட்டினார். சித்தி தொடவில்லை. குனிந்து உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பச் சொல்லிப் புறங்கையைப் பார்த்தாள். நகக்கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெட்டி எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது.

"சோறு பொங்குது," என்றாள் சித்தி. "அப்புடியே நில்லுங்க. வந்து சொல்றேன்."

அவள் திரும்பி வந்து அடுப்பைத் தணித்து, சோற்றைக் கிளறி, ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பதம் பார்த்தாள். வாசலில் அவர் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். சித்தி வரிசையில் முதலில் நின்ற பிள்ளையின் தட்டை வாங்கிக்கொண்டு சோறு போட ஆரம்பித்தாள்.